இருபத்தைந்து நாள் மொட்டை

உலகம்மாளின் தலையில் தையல்சிட்டு கூடு கட்டிய வருடத்தில் பங்குனி உத்திரம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு வேலாடும்பாறை முருகன் கோயில் அடிவாரத்தில் தொடங்கிய அவளுடைய மொட்டை, அந்த ஊரின் தெருக்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, வெயிலையும் ஒரு கோடை மழையையும் பார்த்து, இருபத்தைந்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமைதான் முடிந்தது. ஒரு மொட்டைக்கு இவ்வளவு நாளா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். கூடவே இருந்து பார்த்தவன் நான், எனக்கென்னவோ அது சீக்கிரம் முடிந்துவிட்டதாகத்தான் இன்றைக்கும் தோன்றுகிறது.

என் பெயர் எபனேசர். நான் வேதக்காரன்; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். ஆனால் எட்டு வருடமாக எங்கள் ஊர்ப் பாதயாத்திரைக் கூட்டத்துக்குப் பின்னால் வண்டி ஓட்டுவது நான்தான். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. அதில் அரிசி மூட்டை, அண்டா, பாய்கள், தண்ணீர் டிரம், மைக் செட்டு, இவற்றுக்கு மேலே காலில் கொப்புளம் என்று சொல்லிக்கொண்டு ஏறுகிற இரண்டு பேர். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் கட்டிய நாற்பத்திரண்டு பேர் வெறுங்காலோடு முன்னால் நடக்க, நான் பின்னால் முதல் கியரிலேயே ஆறு நாள் ஊர்ந்து போக வேண்டும். வண்டிக்கு அதைப்போல ஒரு தண்டனை கிடையாது. வருடா வருடம் அடுத்த தடவை வர மாட்டேன் என்று சொல்வேன், வருடா வருடம் போவேன்.

கூட்டத்தின் தலைவர் குத்தாலிங்கம் அண்ணாச்சி. ஊரில் மாவு மில் வைத்திருக்கிறார்; பங்குனி வந்தால் மில்லை மனைவியிடம் விட்டுவிட்டு ஒழுங்குமுறைகளைக் கையில் எடுத்துக்கொள்வார். காப்புக் கயிறு கட்டியவர் செருப்புப் போடக் கூடாது, எந்த உயிரையும் விரட்டக் கூடாது, ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், ஒரே கூரைக்குக் கீழே இரண்டு ராத்திரி தங்கக் கூடாது, நேர்ந்ததைச் செலுத்தாமல் காப்பை அவிழ்க்கக் கூடாது. இதையெல்லாம் அவர் தினமும் காலையில் மைக்கில் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

உலகம்மாள் அந்த வருடம்தான் முதல் தடவையாக வந்தாள். அவளுடைய புருஷன் பூலுடையாரைப் போன ஐப்பசியில் வயலில் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. பதினொரு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். சிறுநீரகம் வேலை செய்யவில்லை, சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அன்றைக்கு உலகம்மாள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று, கொண்டையை அவிழ்த்துவிட்டு, சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி முருகனிடம் பேசினாள்: இந்த மனுசனைத் திருப்பிக் கொடு, வருகிற பங்குனி உத்திரத்தன்று உன் மலைக்கு நடந்தே வந்து இந்த முடியை மொத்தமாகத் தருகிறேன். அவளுடைய முடி தொடைக்குக் கீழே வரும். ஊரில் அவளிடம் இருந்த ஒரே பவிசு அதுதான் என்று பெண்கள் சொல்வார்கள், கொஞ்சம் பொறாமையோடுதான். பன்னிரண்டாம் நாள் பூலுடையார் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார்.

ஆகவே அவள் நன்றி செலுத்தத்தான் நடந்தாள். கூடவே பயமும் இருந்தது. சொன்ன நாளில் சொன்னதைக் கொடுக்காவிட்டால் கொடுத்தவன் திருப்பி எடுத்துக்கொள்வான் என்று அவள் நம்பினாள், அதை யாரும் மாற்ற முடியாது. வழியில் பூலுடையார் ஒரு தடவை இருமினாலும் திரும்பிப் பார்ப்பாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் காட்டுப் பாதையில் ஓர் ஓடைக்கரையில் இறங்கினோம். அங்கேதான் குருவிகள் வந்தன. அடுப்பு மூட்டி உலை வைத்துக்கொண்டிருக்கும்போது முதலில் ஒரு தேன்சிட்டு வந்து சமையல்காரரின் கரண்டிக் காம்பில் உட்கார்ந்தது, பிறகு தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு வந்து பாயில் படுத்திருந்தவர்களின் வயிற்றின் மேல் நடந்தன, கொண்டைக்குருவி ஒன்று குத்தாலிங்கம் அண்ணாச்சியின் மைக்கில் உட்கார்ந்து அவர் பேசப் பேச அவர் வாயையே பார்த்தது, இன்னும் பெயர் தெரியாத சின்னச் சின்னக் குருவிகள், கட்டைவிரல் பருமன் இருக்கும், தோளிலும் முழங்காலிலும் கழற்றி வைத்த கண்ணாடியிலும் வந்து இறங்கின. கல்யாண வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவதுபோல வந்தன, எங்களைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் ஸ்டியரிங்கில் ஒன்று உட்கார்ந்தது. நான் ஹாரன் அடித்தேன். அது என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

எங்கள் ஆட்களுக்கு யார் வந்தாலும் சாப்பாட்டுக்கு வந்ததாகத்தான் தோன்றும். உடனே காலையில் கட்டி வந்த எலுமிச்சைச் சோற்றை ஆளுக்கு ஒரு பிடி அள்ளி நீட்டினார்கள். ஒரு குருவியும் அதைத் தொடவில்லை. அவை எங்களிடம் வந்தது நூலுக்கும் முடிக்கும். பச்சை வேட்டியின் ஓரத்தில் தொங்கிய இழைகளையும் விரதத் தாடிகளில் உதிர்ந்த முடிகளையும் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போயின. யாரும் விரட்டவில்லை, விரட்டக் கூடாதே.

உலகம்மாள் ஓடையில் குளித்துவிட்டு, தலையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, பாறையில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு தையல்சிட்டு அவள் கொண்டையில் இறங்கியது. இலையைத் தைத்துக் கூடு கட்டும் இனம் அது. இரண்டு இலையைப் பறித்து வந்தது, பூலுடையாரின் துண்டிலிருந்து நூல் எடுத்தது, பாறை இடுக்கிலிருந்து சிலந்தி வலை எடுத்தது, இலவம்பஞ்சு எடுத்தது, அலகால் குத்திக் குத்தி இலையை முடியோடு சேர்த்துத் தைத்தது.

“ஏட்டி உலகு, ஆடாம இரி” என்றார் பூலுடையார்.

“என்னது, பூரானா?”

“பூரான் இல்ல. குருவி. தைக்குது.”

“எதத் தைக்குது?”

“ஒன் முடியத்தான்.”

“விரட்டுங்க!”

“காப்பு கட்டியிருக்கம்லா, எப்பிடி விரட்ட?”

ரசத்துக்குத் தாளிப்பதற்குள் கூடு முடிந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான், நல்ல ஆழம், உள்ளே பஞ்சு. சிட்டு அதற்குள் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வீடு பிடித்துப்போன பெண்ணைப்போல உட்கார்ந்துகொண்டது. அதன் ஜோடி பூலுடையாரின் தோளில் உட்கார்ந்து கத்தியது. எல்லோரும் குத்தாலிங்கம் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து கூட்டைப் பார்த்தார். அவருடைய ஒழுங்குமுறைகளில் இதற்கு ஒன்றும் இல்லை. கூட்டத்தோடு இங்கேயே தங்கலாம் என்றால் உத்திரத்துக்கு மலை போய்ச் சேர முடியாது. விரட்டவும் ஆகாது.

“அதுவளும் மலைக்குத்தான் வருது போல. இனிமே சாமின்னே கூப்பிடுங்க” என்றார்.

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு பேர் நாற்பத்து நான்கு ஆனார்கள். வரிசையில் எண்ணும்போது சமையல்காரர் நாற்பத்து நான்கு என்றே எண்ணினார்.

அதற்குப் பிறகு நடை மாறிவிட்டது. கொட்டு அடிப்பதை நிறுத்தினார்கள். அரோகரா என்று முன்வரிசை கத்த பின்வரிசை கத்துவது வழக்கம். இப்போது தூங்குகிற பிள்ளை இருக்கும் வீட்டில் பேசுவதுபோல அரோகரா சொன்னார்கள். உலகம்மாள் தளும்பத் தளும்பக் குடம் வைத்தவள் மாதிரி நடந்தாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே நடந்தார்கள், வண்டியை நானும் பள்ளம் மேடு பார்த்து ஓட்டினேன், பின்னால் வந்த பஸ்காரர்கள் ஹாரன் அடிக்கக் கை வைத்து, முன்னால் பார்த்து, கையை எடுத்துக்கொண்டார்கள். அவள் படுக்க முடியாது. பொழுது சாய்ந்தால் பூலுடையார் உட்கார்ந்து முதுகைக் கொடுப்பார், அவள் அந்த முதுகில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். மூன்றாம் நாள் காலையில் ஒரு முட்டை இருந்தது, நான்காம் நாள் இன்னொன்று.

காட்டை விட்டு இறங்கும் இடத்தில் சோதனைச்சாவடி. வனத்துறைக்காரர் ஒருவர் உலகம்மாளை நிறுத்தினார்.

“காட்டுப் பறவைய கூட்டோட வெளிய கொண்டு போகக் கூடாதும்மா. கேஸ் ஆயிரும்.”

“நான் எங்கய்யா கொண்டு போறேன்? நான் கோயிலுக்கு நடந்து போறேன். அது அங்க இருக்கு.”

“அப்போ எறக்கி வச்சிட்டுப் போங்க.”

“நீங்களே எறக்குங்க” என்று அவள் தலையைக் குனிந்து காட்டினாள்.

அவர் கையை நீட்டினார். சிட்டு அவருடைய சட்டைக் கையில் தாவி உட்கார்ந்து, பொத்தானைத் தைத்திருந்த காக்கி நூலை நிதானமாக உருவியது. பொத்தான் கீழே விழுந்தது. நூலைக் கொண்டுபோய்க் கூட்டின் ஓரத்தில் ஓர் இழை போட்டுவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டது. இருபது வருடமாக என் பூட்ஸ் சத்தம் கேட்டால் காட்டில் எல்லாம் ஓடித்தான் பார்த்திருக்கிறேன் என்று அவர் என்னிடம் சொன்னார். பிறகு உள்ளே போய் நோட்டை எடுத்து, பறவைகள் இரண்டு, சொந்த விருப்பத்தில் செல்கின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வளைவு திரும்புகிற வரைக்கும் திறந்த சட்டைக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் இருந்த ஊர்களில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. தலையில் பேன் இருக்கிறதா, இருந்தால் குருவிக்கு ஆகுமா ஆகாதா என்று கேட்டார்கள். எச்சம் விழுந்தால் துடைக்க வெள்ளைத்துணி கொடுத்தார்கள். ஒரு டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு, சாக்கடைப் பக்கம் பூச்சி நிறைய இருக்கும், ஆண் சிட்டை அந்தப் பக்கம் போகச் சொல்லுங்கள் என்று வழி சொன்னார். எல்லோரும் மோர் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம், மறுநாள் உத்திரம், ஒரு பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கூட்டில் மூன்றாவது முட்டை விழுந்திருந்தது. அப்போதுதான் எல்லோரும் பேசாமல் வைத்திருந்ததைக் குத்தாலிங்கம் அண்ணாச்சி பேசினார்.

“தாயி, பூமுடி குடுத்துருவோம். முன்னால ஒரு கத்தை, ரெண்டு பக்கமும் ஒரு கத்தை. பொம்பளையளுக்கு அது போதும். சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு.”

“நான் பூமுடியா சொன்னேன்? மொட்டைன்னு சொன்னேன். உத்திரத்தன்னைக்குன்னு சொன்னேன். அத்தன பேரு முன்னால வாய்விட்டுல்லா சொன்னேன்.”

“மொட்டை போட்டா முட்டை என்னத்துக்கு ஆகும்?”

பூலுடையார் அதிகம் பேசாத மனிதர். மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “குஞ்சு பொரிச்சிப் பறக்கட்டும்ட்டி. அது வரைக்கும் சாமி என்னைய ஈடா வச்சிக்கிடட்டும். எடுத்தா எடுத்துட்டுப் போறாரு. நான்தான போவேன்.”

உலகம்மாள் தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை.

“நீங்க போவியளோ? யாரு உசிரு அது? ஒங்க உசிரா? கேட்டு வாங்குனவ நான். அத ஈடு வைக்க நீங்க யாரு?”

பிறகு அவள் அழுதாள், தோள் குலுங்காமல் அழுதாள். முட்டையை உடைக்கவும் என்னால் முடியாது, இந்த மனுசனைக் கொடுக்கவும் என்னால் முடியாது என்று வேப்பமரத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் வண்டிக்குள் போய் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். யாருக்காக என்று சரியாகச் சொல்லத் தெரியாமல், முட்டைக்கும் சேர்த்தே சொன்னேன்.

மறுநாள் அடிவாரத்து மொட்டை மண்டபத்தில் ஆயிரம் தலை இருக்கும். உலகம்மாளின் சீட்டு ஆவுடையப்பன் என்பவரின் பலகைக்கு வந்தது. ஐம்பது வயது, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “குனிம்மா” என்றார். அவள் முக்காட்டை எடுத்துவிட்டுக் குனிந்தாள். அவர் கத்தியைக் கொண்டு போனார். சிட்டு அசையவில்லை. பளபளக்கிற கத்தி அதன் அலகுக்கு ஒரு விரல் தூரத்தில் நிற்கிறது, அது கண்ணை மெதுவாக மூடித் திறந்தது. ஆவுடையப்பன் கத்தியைக் கீழே வைத்தார். பின்னால் வரிசை கத்தியது, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எத்தன முட்டை?”

“மூணு அண்ணாச்சி. கடைசி நேத்து.”

அவர் விரல்கணுவில் எண்ணினார். அவர் வீட்டு மாமரத்தில் இந்தக் குருவி வருடா வருடம் கட்டுமாம். “குஞ்சு பறக்க இருபத்தஞ்சு நாள் ஆகும்.”

“இன்னைக்கே எடுக்கணும். இன்னைக்குன்னு நேந்திருக்கேன்.”

“நான் எடுக்க மாட்டேன்னு சொன்னனா?” என்று அவர் எரிந்து விழுந்தார். “இங்க பாருங்க. இந்த மண்டபத்துல தண்ணி தொட்டு முதல் கத்தி என்னைக்கு வைக்கமோ, அதுதான் மொட்டை போட்ட நாளு. சின்னப்புள்ள பாதி மொட்டையில அழுதுட்டு ஓடிரும். மறுநாள் புடிச்சிட்டு வருவாவ. அதுக்குப் புதுச்சீட்டு கெடையாது, அது முந்தின நாள் மொட்டைதான். எங்க அப்பா காலத்துலருந்து அப்பிடித்தான். இன்னைக்குத் தொடங்குதேன். அதுவ பறக்கைல முடிக்கேன்.”

கிண்ணத்தில் தண்ணீரைத் தொட்டு அவள் நெற்றியோரத்தில் வைத்து, சுற்றிலும் ஒரு விரற்கடை அகலத்துக்கு முடியை மழித்தார். அன்றைக்கு அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருவது, கூட்டைக் கடைசியில் விடுவது என்று ஏற்பாடு. உலகம்மாள் தலையாட்ட முடியாமல் கையால் சரி என்று காட்டினாள். ஆனால் அவள் முழுதாக நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

காப்பு அவிழ்க்க முடியாது, ஆகவே ஒரே கூரையில் இரண்டாம் ராத்திரி முடியாது. மற்றவர்கள் தங்கள் நேர்ச்சையை முடித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். குத்தாலிங்கம் அண்ணாச்சி காப்பை அவிழ்க்க வேண்டியவன் நான்தானே என்று முனகிக்கொண்டே தங்கிவிட்டார். நான் கிளட்ச் போய்விட்டது என்று வீட்டுக்குப் போன் செய்து பொய் சொன்னேன்.

அந்த ஊர்க்காரர்களை நான் என்னவென்று சொல்வது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் பேசி முடிவு எடுக்கவில்லை. முதல் நாள் சத்திரம், மறுநாள் பூக்கடைக்காரி வீடு, அடுத்தது கோயில் மேளக்காரர் வீடு, அடுத்தது மீன் மார்க்கெட்டுப் பின்னால் ஒரு பாய் வீடு, அங்கே அன்றைக்கு அவளுக்காக மரக்கறி மட்டும் சமைத்தார்கள். காலையில் ஒரு வீட்டில் எழுந்தால் வாசலில் அடுத்த வீட்டுக்காரர் நிற்பார், இன்றைக்கு நம் வீடு என்பார். இரண்டு பேர் நின்றால் சண்டை வரும். ஆவுடையப்பன் தினமும் மண்டபத்து வேலையை முடித்துவிட்டு, கிண்ணத்தோடு எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு வருவார், ஒரு கோடு எடுத்துவிட்டுக் காப்பி குடித்துப் போவார். ஒரு ராத்திரி எங்கள் ஆட்களின் சர்ச்சிலும் தங்கினாள். போதகர் மணியடிக்காமல் வீடு வீடாக ஆள் விட்டுச் சபையைக் கூப்பிட்டார். ஊரே ஒரு பொட்டுச் சத்தம் குறைத்துப் பேசப் பழகியது. அந்த மாதத்தில் அந்தத் தெருக்களில் சண்டைகள்கூடக் கிசுகிசுப்பாகத்தான் நடந்தன, அதனால் பாதிச் சண்டை நிலைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் குஞ்சு பொரித்தது. மூன்றும் பொரித்தது. அதே நாள் காலையில் பூலுடையாருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. முகம் வீங்கியிருந்தது, எழுந்திருக்க முடியவில்லை, பேச்சுக் குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம் என்று உலகம்மாள் சொன்னாள்.

“கூப்பிடுங்க அவர. இப்பமே முழுசும் எடுக்கச் சொல்லுங்க. நான் ஏமாத்திட்டேன். சாமிய ஏமாத்திட்டேன். திருப்பிக் கேக்காரு.”

பூலுடையாரை என் வண்டியில் படுக்க வைத்து, குத்தாலிங்கம் அண்ணாச்சியைக் கூட ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னாள். ஆவுடையப்பன் வந்துவிட்டதால் நான் சாவியை மேளக்காரரிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசில்லை. அவள் “எடுங்க” என்றாள். ஆவுடையப்பன் கத்தியை விரித்து, காம்புப் பக்கம் அவளிடம் நீட்டினார்.

“என்னால ஆகாது தாயி. நீங்களே எடுத்துக்கிடுங்க. ஒங்களத் தப்பு சொல்ல மாட்டேன்.”

அவள் கத்தியை வாங்கினாள். இன்னொரு கையால் கொண்டையைப் பற்றினாள். தாய்ச்சிட்டு எழுந்து ஓடவில்லை, அந்தக் கையின் மேலேயே ஏறி நின்று, அவள் விரல் இடுக்கு வழியாகக் குனிந்து குஞ்சுக்குப் புழுவை ஊட்டியது. ஊட்டிவிட்டு அங்கேயே இருந்தது. அந்தக் கையில் என்ன இருக்கிறது, மற்றக் கையில் என்ன இருக்கிறது என்று அதற்குக் கவலையில்லை. உலகம்மாள் கொண்டையைப் பிடித்த பிடியைத் தளர்த்தினாள். கத்தியைத் தரையில் வைத்துவிட்டு மலையைப் பார்த்துச் சொன்னாள்:

“இது என்னைய நம்பி இருக்கு. நான் ஒம்ம நம்பி இருக்கேன். இது பயப்படலங்கும்போது நான் மட்டும் பயந்தா எப்பிடி? ஆனது ஆகட்டும்யா.”

சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஓடவில்லை. தெருத்தெருவாக, அதே தளும்பாத நடையில் போனாள்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயதுப் பெண் டாக்டர். ரத்தத்தைப் பார்த்தாயிற்று, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: “இவர் எத்தனை நாளா தூங்கலை?”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. காட்டிலிருந்து அன்றுவரை, பதினாறு ராத்திரி அந்த மனிதர் உட்கார்ந்து முதுகு கொடுத்திருக்கிறார். அவர் அசைந்தால் அவள் அசைவாள், அவள் அசைந்தால் கூடு அசையும் என்று கண்ணை மூடவே இல்லை. அத்தனை பேர் சோறு போட்டோம், கூரை கொடுத்தோம், அந்த முதுகைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. டாக்டர் ஊசி போட்டுத் தூங்க விட்டார். பூலுடையார் இரண்டு பகல் ஓர் இரவு தூங்கினார்.

அன்று சாயங்காலமே பூக்கடைக்காரி வந்து உலகம்மாளுக்கு முதுகோடு முதுகாக உட்கார்ந்தாள். மறுநாள் மேளக்காரர் மனைவி. அதற்கடுத்த நாள் பாய் வீட்டு அம்மா. பிறகு யார் எந்த நாள் என்று அவர்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொண்டார்கள். பெண்கள் வரிசையில் நின்று முதுகு கொடுத்த ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் தூங்கும்போது அவள் மூச்சும் என் மூச்சும் ஒன்றாகப் போகும் என்று ஒருத்தி சொன்னாள், எனக்கே அன்றைக்குத்தான் நல்ல தூக்கம் என்றாள். பூலுடையார் தெளிந்து எழுந்து வந்து கேட்ட முதல் கேள்வி, மூன்றும் தின்கிறதா என்பதுதான்.

இருபத்தைந்தாம் நாள் சனிக்கிழமை. உலகம்மாளின் தலையில் நடு உச்சியில் ஒரு கொண்டையும் அதில் கூடும் தவிர எல்லாம் மழித்தாகியிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே மண்டபத்தில் ஊர் கூடிவிட்டது. முதல் குஞ்சு அவள் நெற்றியில் வந்து நின்று, பூலுடையாரின் தோளுக்குப் பறந்தது. இரண்டாவது ஆவுடையப்பனின் காதில் உட்கார்ந்து அவர் சட்டையை அசிங்கம் செய்துவிட்டு மண்டபத்து உத்தரத்துக்குப் போயிற்று. அந்தச் சிடுமூஞ்சி மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். மூன்றாவதுக்கு மனசில்லை. கூட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது, எங்களில் யாரையும் கண்டு அது பயப்படவில்லை. தாய் வெளியே வேம்பில் நின்று கூப்பிட்டது. அது போயிற்று.

ஆவுடையப்பன் கிண்ணத்தில் தண்ணீர் தொட்டார். கடைசிக் கொண்டை கூட்டோடு அவள் மடியில் விழுந்தது. சந்தனம் பூசினார்கள். அவள் அந்த முடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி ஏறினாள். பூலுடையார் கூடவே ஏறினார், பதினைந்து படிக்கு ஒரு தடவை நின்று, ஆனால் தானாகவே ஏறினார். எங்களுக்கும் பின்னால் ஊர் ஏறியது. நானும் போனேன், சன்னிதி வாசல்வரைக்கும்.

அவள் முடியைச் சன்னிதிப் படியில் வைத்தாள். அர்ச்சகர் தட்டோடு வந்து, “என்ன வேண்டிக்கணும்மா, பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார். அவள் யோசித்தாள். புருஷன் பக்கத்தில் நிற்கிறார், மூச்சு வாங்க, வியர்வையோடு. கேட்பதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாயைத் திறந்து நன்றி என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவரையும், பஸ்ஸில் இடம் விட்டவரையும், பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவரையும் பார்த்து நாங்கள் சொல்வது ஒன்றுதான். உலகம்மாள் தன் மொட்டைத் தலையை நிமிர்த்தி, ஒரு மாதத்தில் முதல் தடவையாக நன்றாக நிமிர்த்தி, உள்ளே விளக்கு வெளிச்சத்தில் நின்றவனைப் பார்த்து அதைத்தான் சொன்னாள்.

“நல்லா இருப்பா. நீ நல்லா இரு.”